அடுக்கு அடுக்காக ஆயில் பெயின்டிங்: நம்ம ஊர் வெயிலில் எப்படிச் செய்கிறீர்கள்?

குடியாத்தம் டீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுக்கிறேன். வாட்டர்கலர் நன்றாகப் பழக்கம். ஆயிலில் மட்டும் இதுவரை ஒரே அமர்வில், ஈரத்தின் மேல் ஈரமாக வரைந்து முடிப்பதுதான் வழக்கம்.

இப்போது அம்மாவை வரையப் போகிறேன். ஆரணிப் பட்டு கட்டிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார். அரக்கு உடல், பச்சை பார்டர். மடியில் விழும் மடிப்புகளின் ஆழத்தில் அந்த அரக்கு உள்ளிருந்து ஒளிர்கிறது. அதை நேரடியாகக் கலந்து பூசினால் செங்கல் நிறத்தில் தட்டையாக நிற்கிறது. கிளேசிங், அதாவது காய்ந்த அடுக்கின் மேல் ஒளி ஊடுருவும் நிறத்தை மெல்லியதாகப் பூசுவது, செய்தால்தான் வரும் என்கிறார்கள்.

புத்தகங்களில் வாரக்கணக்கில் காத்திரு என்று போட்டிருக்கிறது. அது குளிர் நாட்டுக் கணக்கு. நமக்குக் கத்திரி வெயிலில் 40 டிகிரி தாண்டுகிறது, ஐப்பசி கார்த்திகையில் துணியே காய்வதில்லை. இங்கே வரைபவர்கள் நிஜத்தில் எப்படிச் செய்கிறீர்கள்? முதல் அடுக்கில் என்ன வைப்பீர்கள், எண்ணெய் எவ்வளவு சேர்ப்பீர்கள், அடுத்த அடுக்கை எப்போது தொடுவீர்கள்? மாநிறத் தோலுக்குத் தனியாகக் கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா?

சத்துவாச்சாரி ஆயில்

டீச்சர், என் வேலை முறையை அப்படியே சொல்கிறேன். இதன் அடிப்படை, ஒரு அடுக்குக்கு ஒரு வேலை. ஒரே அமர்வில் வரையும்போது உருவம், வெளிச்சம், நிறம் எல்லாவற்றையும் ஒவ்வொரு தீற்றலிலும் சேர்த்தே முடிவு செய்கிறோம். அடுக்கு முறையில் அவற்றைப் பிரித்துவிடுகிறோம். முதலில் உருவமும் வெளிச்சமும். நிறம் கடைசியில்.

வெள்ளை கேன்வாஸில் நான் தொடங்குவதில்லை. பர்ன்ட் அம்பர் என்ற மண் பழுப்பை டர்பன்டைனில் (எண்ணெய் நிறத்தை நீர்க்க வைக்கும் கரைப்பான்) நன்றாக நீர்க்கக் கரைத்து முழுக்கத் தடவி, பழைய வேட்டித் துணியால் துடைத்துவிடுவேன். தேநீர்க் கறை அளவுக்கு ஒரு நிறம் தங்கினால் போதும். அது காய்ந்ததும் ரா அம்பரில் மெல்லிய தூரிகையால் கோடு. அம்பர் வகைகளில் மாங்கனீசு இருக்கிறது, அது எண்ணெயைச் சீக்கிரம் காய வைக்கும். அதனால்தான் அடியில் அம்பர். ஐவரி பிளாக் இதற்கு நேர் எதிர், மெதுவாகக் காயும். அடி அடுக்கை அதில் போட்டுவிட்டு மேலே வேலை செய்வது வம்பு.

அடுத்தது சாம்பல் அடுக்கு. ரா அம்பரும் வெள்ளையும் மட்டும். முகம், கை, புடவை, சுவர் எல்லாமே சாம்பலில்தான். என் நேரத்தில் பெரும்பகுதி இங்கேதான் போகும். பட்டின் ஒவ்வொரு மடிப்பும் இங்கேயே முடிந்துவிட வேண்டும். மடிப்பின் முகட்டில் ஜன்னல் வெளிச்சம் எங்கே கூர்மையாக வெட்டுகிறது, எங்கே மெதுவாக இருட்டுக்குள் நழுவுகிறது, பள்ளத்தில் பக்கத்து மடிப்பின் ஒளி எப்படிப் பட்டுத் திரும்புகிறது என்று எல்லாம். இந்த அடுக்கில் சோம்பல் பட்டால் பிறகு எத்தனை கிளேஸ் போட்டாலும் பட்டு சாக்குத்துணியாகத்தான் தெரியும்.

இதில் முக்கியமான ஒன்று. சாம்பல் அடுக்கைக் கடைசியில் தேவைப்படும் வெளிச்சத்தைவிட ஒரு படி வெளுப்பாகவே வைக்க வேண்டும். மேலே விழும் ஒவ்வொரு கிளேஸும் படத்தைக் கொஞ்சம் இருட்டாக்கும்.

பிறகு கிளேஸ். உங்கள் அரக்குக்கு நான் என்றால் முதலில் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பை மெல்லியதாக ஓட்டிச் சூடு ஏற்றுவேன். அது காய்ந்தபின் அலிசரின் கிரிம்சன் என்ற ஆழ்ந்த சிவப்பு. அது காய்ந்தபின் பள்ளங்களில் மட்டும் அலிசரினோடு துளி அல்ட்ராமரைன் நீலம். வெளிச்சம் இந்தக் கண்ணாடிப் பூச்சுகளைத் தாண்டி அடியில் இருக்கும் வெளுப்பில் பட்டுத் திரும்பி வருகிறது. நீங்கள் சொல்லும் உள்ளொளி அதுதான். கலந்து பூசிய சிவப்பில் ஒளி மேலேயே நின்றுவிடும், வெள்ளை கலந்தால் இன்னும் மோசம்.

எண்ணெய்க் கணக்கு: அடியில் டர்பன்டைன் மட்டும். சாம்பல் அடுக்கில் ட்யூபில் இருக்கும் எண்ணெயே போதும். முதல் கிளேஸுக்கு இரண்டு பங்கு டர்பன்டைன், ஒரு பங்கு லின்சீட் (ஆளிவிதை எண்ணெய்). அதற்கு மேல் போவதற்குச் சரிபாதி. மேலே போகப் போக எண்ணெய் கூடலாம், ஒருபோதும் குறையக் கூடாது.

காத்திருப்பது: நம்ம ஊர்க் கோடையில் அம்பர் அடுக்கு ஓரிரு நாளில் தயார். டைட்டானியம் வெள்ளை கலந்த சாம்பல், மெல்லியதாக இருந்தால் ஒரு வாரத்துக்குள். கிளேஸ் ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். அடைமழைக் காலத்தில் இதெல்லாம் இரட்டிப்பு ஆகும். ஆனால் நாட்காட்டியை நம்பாதீர்கள், படத்தைத் தொட்டுப் பாருங்கள். ஓரத்தில் தடிமனான இடத்தில் நகத்தை அழுத்தினால் தடம் விழக் கூடாது. பஞ்சை டர்பன்டைனில் லேசாக நனைத்து ஒற்றினால் நிறம் ஒட்டக் கூடாது.

காட்பாடி பிகினர்

சார், கிளேஸுக்கு எந்த நிறம் சரி, எது சரிப்படாது என்று எப்படித் தெரிந்துகொள்வது? என்னிடம் இருப்பது கேமல் பன்னிரண்டு நிற பெட்டி.

சத்துவாச்சாரி ஆயில்

தம்பி, ட்யூபிலேயே சதுரக் குறி இருந்தால் பாருங்கள். வெறும் கட்டம் என்றால் ஒளி ஊடுருவும் நிறம், முழுக்கக் கறுப்புக் கட்டம் என்றால் மறைக்கும் நிறம். குறி இல்லையென்றால் ஒரு கண்ணாடித் துண்டின் மேல் அந்த நிறத்தை மீடியத்தோடு (அந்த லின்சீட், டர்பன்டைன் கலவை) மெல்லியதாக இழுத்து, தினத்தந்தி பக்கத்தின் மேல் வைத்துப் பாருங்கள். எழுத்து தெளிவாகத் தெரிந்தால் கிளேஸுக்கு ஆகும். அலிசரின், விரிடியன், அல்ட்ராமரைன், தாலோ நீலம், பர்ன்ட் சியன்னா தெரியும். காட்மியம் வகைகள், செருலியன் மறைக்கும். யெல்லோ ஆக்கரும் பெரும்பாலும் மறைக்கும்.

ராணிப்பேட்டை கெமிக்கல்

தோல் துறையில் வேலை. ஓவியம் பார்ப்பதோடு சரி. ஆனால் இந்த "மேலே எண்ணெய் கூட" விஷயத்தின் காரணத்தைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது, ஏனென்றால் நாங்கள் தினமும் பார்ப்பதும் இதேதான்.

டர்பன்டைன் ஆவியாகிப் போகிறது. லின்சீட் ஆவியாவதில்லை. அது காற்றிலிருந்து ஆக்சிஜனை இழுத்து, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு திடமாகிறது. காயும்போது எடை குறையாது, கூடும். முதலில் கொஞ்சம் உப்பும், அப்புறம் வருடக்கணக்கில் மெதுவாகச் சுருங்கும். கைக்கு ஒட்டவில்லை என்றால் மேல்தோல் பிடித்துவிட்டது என்று மட்டும்தான் பொருள். இப்போது எண்ணெய் நிறைந்த, இன்னும் அசைந்துகொண்டிருக்கும் அடுக்கின் மேல் எண்ணெய் குறைந்த, சீக்கிரம் விறைக்கும் அடுக்கைப் போட்டால் என்ன ஆகும்? கீழே நகர்கிறது, மேலே நகர முடியவில்லை, வெடிக்கிறது. மேல் அடுக்கு கீழ் அடுக்கைவிட வளையக்கூடியதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் விதி.

கண்ணாடி துடைக்கும் மென்மையான ஷாமாய் தோல் இதே வேதியியல்தான். மீன் எண்ணெயைத் தோலில் ஏற்றிக் காற்றில் ஆக்சிஜன் ஏறவிட்டால்தான் அது பதப்படும். பழைய பேட்டன்ட் லெதர், அதாவது கண்ணாடி போலப் பளபளக்கும் தோல், இன்னும் பொருத்தமான உதாரணம். இன்று ஆம்பூரில் பளபள ஷூவுக்கு வரும் பூச்சு செயற்கைப் பிசின். 19ஆம் நூற்றாண்டில் அதைக் காய்ச்சிய லின்சீட் எண்ணெயால்தான் செய்தார்கள். ஒரு பூச்சு, காய வை, தேய், அடுத்த பூச்சு. அவசரப்பட்டால் அதுவும் வெடிக்கும்.

இரண்டு எச்சரிக்கை. ஹார்டுவேர் கடையில் விற்கும் பாயில்டு லின்சீட் ஆயிலில் உலோக டிரையர் (சீக்கிரம் காய வைக்கும் பொருள்) கலந்திருக்கும். கதவுக்கு அடிக்கச் சரி, படத்துக்கு வேண்டாம். சீக்கிரம் காயும், ஆனால் அதிகம் மஞ்சளாகும், சீக்கிரம் நொறுங்கும். ஓவியக் கடையில் சுத்திகரித்த லின்சீட் என்று கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று உயிர் சம்பந்தப்பட்டது. லின்சீட் துடைத்த துணியைக் கசக்கிக் குவித்து வைக்காதீர்கள். ஆக்சிஜன் ஏறும்போது வெப்பம் வெளிவரும். குவியலுக்குள் அந்த வெப்பம் வெளியேற வழியில்லாமல் ஏறி ஏறித் தானாகத் தீப்பிடிக்கும். நம்ம ஊர் மே மாதத்தில், மொட்டைமாடி ஷெட்டில், இது இன்னும் ஆபத்து. துணியை விரித்துக் கொடியில் தனித்தனியாகப் போடுங்கள், அல்லது தண்ணீர் ஊற்றிய மூடி டப்பாவில் போடுங்கள்.

ஏலகிரி லேண்ட்ஸ்கேப்

எல்லாரும் ஒரே பக்கம் பேசுகிறீர்கள், நான் மறுபக்கம் சொல்கிறேன். டீச்சருக்கு ஏற்கெனவே ஈரத்தின் மேல் ஈரம் வரையும் கை இருக்கிறது. அது சின்ன விஷயம் இல்லை. அடுக்கு முறையில் அந்த உயிர் போய்விடுகிறது என்பது என் உறுதியான கருத்து. முதல் நாள் பார்த்த வெளிச்சம் அடுத்த வாரம் இருக்காது. அம்மா உட்காரும் விதமே மாறும். கடைசியில் போட்டோவைப் பார்த்து நிரப்பும் வேலையாக முடியும். அந்தக் காலத்தில் நிறங்கள் குறைவு, விலை அதிகம், அதனால் மேலே மட்டும் மெல்லியதாகப் பூசினார்கள். இன்று குவினாக்ரிடோன் மாதிரி ஆழமான சிவப்புகள் ட்யூபிலேயே கிடைக்கும்போது எதற்கு இத்தனை காத்திருப்பு?

சத்துவாச்சாரி ஆயில்

சார், மலையில் மேகம் நகரும்போது நீங்கள் வரைவதை அடுக்கில் செய்யவே முடியாது, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பட்டு வேறு பொருள். ஆழமான சிவப்பை எவ்வளவு நல்ல ட்யூபிலிருந்து எடுத்துத் தடிமனாக வைத்தாலும் அது கறுப்பாகத்தான் தெரியும். அந்த நிறமே மெல்லியதாக, வெளுப்பின் மேல் இருந்தால்தான் சிவப்பாகத் தெரியும். அலிசரினை ட்யூபிலிருந்து பிதுக்கிப் பாருங்கள், உருண்டை கறுப்பாக இருக்கும். அதையே கத்தியால் வெள்ளைத் தட்டில் இழுங்கள், மாதுளை நிறம். நிறம் அங்கே தடிமனைப் பொறுத்தது. எத்தனை புது நிறமி வந்தாலும் இது மாறாது.

வெளிச்சம் மாறும் என்றீர்கள். அதற்காகத்தான் சாம்பல் அடுக்கை ஒரே நேரத்து வெளிச்சத்தில், அம்மா எதிரில் இருக்கும்போதே முடிக்கச் சொல்கிறேன். கிளேஸ் போடும்போது புடவை மட்டும் நாற்காலியில் இருந்தால் போதும்.

ஏலகிரி லேண்ட்ஸ்கேப்

அந்தக் கடைசி வரி நியாயம். புடவைக்கு ஒத்துக்கொள்கிறேன். முகத்துக்கு இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. டீச்சர், முகத்தை ஈரத்திலேயே முடித்து, புடவையை மட்டும் கிளேஸ் செய்யலாம். ஒரே படத்தில் இரண்டும் இருக்கக் கூடாது என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

அலிசரின் பற்றி ஒன்று. பழைய அலிசரின் கிரிம்சன் மெல்லிய பூச்சில் வெளிச்சம் பட்டு மங்கும். கிளேஸ் என்றாலே மெல்லிய பூச்சு. எனவே பெயரில் பெர்மனென்ட் என்று போட்டதையோ குவினாக்ரிடோன் வகையையோ வாங்குங்கள். அம்மா படம் ஐம்பது வருடம் சுவரில் இருக்க வேண்டும் அல்லவா.

சத்துவாச்சாரி ஆயில்

ஆமாம், இது சரி. மேலே நான் அலிசரின் என்று எழுதிய இடத்தில் எல்லாம் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

குடியாத்தம் டீச்சர்

ரொம்ப நன்றி. கிளேஸை நிஜத்தில் எப்படிப் பூசுவது என்று சொல்லுங்கள். சோதனைக்கு ஒரு சின்ன போர்டில் முள்ளுக் கத்தரிக்காய் வரைந்து பழகலாம் என்று நினைக்கிறேன். அந்த ஊதாவும் பளபளப்பும் பட்டுக்கு நெருக்கமாக இருக்கிறது.

சத்துவாச்சாரி ஆயில்

நல்ல தேர்வு. கத்தரிக்காயைச் சாம்பலில் முழுக்க முடியுங்கள். தோலில் விழும் ஜன்னல் பிரதிபலிப்பை வெள்ளையாகவே விடுங்கள். காம்பு முள், தொப்பி இதெல்லாம் சாம்பலிலேயே கூர்மையாக இருக்கட்டும்.

காய்ந்ததும் போர்டைப் படுக்க வையுங்கள், சாய்த்து வைத்தால் மீடியம் வழியும். தூரிகையில் நிறம் மிகக் கொஞ்சம், மீடியம் அதைவிடக் கொஞ்சம் அதிகம். அல்ட்ராமரைனும் குவினாக்ரிடோன் சிவப்பும் கலந்த ஊதாவைக் காய் முழுக்க, பிரதிபலிப்பின் மேலும் சேர்த்தே தடவுங்கள். இப்போது மொத்தமும் அழுக்காகத் தெரியும், பயப்பட வேண்டாம். பஞ்சில்லாத மென்துணியை விரலில் சுற்றி, பிரதிபலிப்பு இருந்த இடத்தில் ஒற்றி எடுங்கள். தேய்க்காதீர்கள், ஒற்றுங்கள். வெளுப்பு மேலே வரும். அதைச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக ஒற்றிக்கொண்டே போனால் நிறம் பிரதிபலிப்பிலிருந்து இருட்டை நோக்கித் தானாகப் படிப்படியாக ஆழமாகும். பிறகு காய்ந்த மென்தூரிகையின் நுனியால் கோடுகளைத் தட்டிக் கலைத்துவிடுங்கள். உள்ளங்கை ஓரத்தால் தட்டினாலும் நன்றாக வரும், கையுறை போட்டுக்கொண்டு.

ஒரே கிளேஸில் முழு ஆழத்தையும் எட்டப் பார்க்காதீர்கள். மூன்று மெல்லிய ஊதா, ஒரு தடித்த ஊதாவைவிட எப்போதும் செழிப்பு.

வாலாஜா பெயிண்டர்

முகம் பற்றி யாரும் சரியாகச் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். புத்தகத்தில் தோலுக்கு அடியில் பச்சைச் சாம்பல் போடச் சொல்வார்கள். அது வெளுத்த தோலுக்கு, மேலே வரும் ரோஜா நிறத்தைச் சமன் செய்ய. நம் தோலுக்கு அதை அப்படியே எடுத்தால் முகம் நோய் கண்டது போல ஆகிவிடும். ரா அம்பர் சாம்பலே போதும். அதன் மேல் பர்ன்ட் சியன்னா கிளேஸ், வெளிச்சப் பக்கம் மஞ்சள் பழுப்பான ரா சியன்னா. மாநிறம் இந்த இரண்டிலேயே முக்கால்வாசி வந்துவிடும்.

கவனிக்க வேண்டிய இடம் வெளிச்சம் படும் புள்ளிகள். மூக்குத் தண்டு, நெற்றி, கன்ன எலும்பு. வெள்ளைத் தோலில் வெளிச்சம் தோலின் நிறத்தோடு கலந்துவிடுகிறது. நம் தோலில் அது மேலே தனியாக உட்காரும், ஜன்னல் வழியே வானம் தெரிந்தால் அந்த வானத்தின் நீலச் சாயலோடு. அங்கே வெறும் வெள்ளை வைத்தால் திருநீறு பூசினாற்போல இருக்கும். வெள்ளையில் ரா அம்பரும் ஊசிமுனை அளவு நீலமும் சேர்த்து, காய்ந்த தூரிகையால் கிளேஸின் மேல் லேசாக உரசுங்கள். ஸ்கம்பிளிங் என்பது இதுதான், இருட்டின் மேல் வெளுப்பை அரைகுறையாக மறைக்கும்படி உரசுவது. நிழலில் கறுப்பு வேண்டவே வேண்டாம். கழுத்து நிழல், காது மடல் நிழல் எல்லாம் சூடான சிவப்புப் பழுப்பு. காதின் பின்னால் வெளிச்சம் இருந்தால் அந்தச் சிவப்பு இன்னும் ஏறும்.

ரவி வர்மா (1848–1906) படங்கள் எழும்பூர் அரசு அருங்காட்சியகத் தொகுப்பில் உண்டு. பார்க்கக் கிடைத்தால் முகத்தைவிட, முகமும் பட்டும் சந்திக்கும் ஓரத்தைப் பாருங்கள். காலண்டர் அச்சில் அந்த ஓரம் கத்தியால் வெட்டினது போல வரும். அச்சைப் பார்த்து அவரை எடைபோடாதீர்கள்.

காட்பாடி பிகினர்

எனக்கு ஒரு சந்தேகம். சாம்பல் அடுக்கு காய்ந்ததும் சில இடம் பளபளப்பாகவும் சில இடம் சுண்ணாம்பு மாதிரி மங்கலாகவும் இருக்கிறது. கிளேஸ் போட்டால் திட்டுத்திட்டாக வருமா?

வாலாஜா பெயிண்டர்

எண்ணெயைக் கீழே இருப்பது உறிஞ்சிவிட்டது. மலிவு ரெடிமேட் கேன்வாஸில் ஜெஸ்ஸோ (நிறத்துக்கு அடியில் போடும் வெள்ளை அடிப்பூச்சு) ஒரே பூச்சுதான் இருக்கும், அது குடிக்கும். அடுத்த முறை நீங்களே அக்ரிலிக் ஜெஸ்ஸோ இரண்டு பூச்சு கொடுத்து, மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, நன்றாகக் காயவிட்டுத் தொடங்குங்கள். இதே குடியாத்தம் பக்கம் மலையம்பட்டு ஆர்மாமலைக் குகையில் இருக்கும் சமண ஓவியங்களைப் பாருங்கள், ஆயிரம் வருடத்துக்கு மேல் பழையவை. பூச்சு பாறையை விட்ட இடத்தில் ஓவியமும் போய்விட்டது. எந்த ஓவியமும் அடித்தளம் தாங்கும் வரைக்கும்தான்.

இப்போது இருக்கும் படத்துக்கு: நன்றாகக் காய்ந்தபின் லின்சீட்டும் டர்பன்டைனும் சரிபாதி கலந்து மங்கிய இடத்தில் தடவி, சில நிமிடம் விட்டு, துணியால் துடைத்துவிடுங்கள். ஈரப்பசை மட்டும் தங்க வேண்டும், எண்ணெய் தேங்கக் கூடாது. ஆழம் திரும்பி வரும், நிறமும் சரியாகத் தெரியும். அன்றே அதன் மேல் வேலை செய்யுங்கள். சும்மா பளபளப்புக்காக ஒவ்வொரு வாரமும் தடவிக்கொண்டிருந்தால் படம் மஞ்சளாகும்.

ஏலகிரி லேண்ட்ஸ்கேப்

மஞ்சள் என்றதும் ஒரு கேள்வி. 16ஆம் நூற்றாண்டு வெனிஸ் ஓவியர் டிஷியன் அடி அடுக்கைப் போட்டுவிட்டு மாதக்கணக்கில் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிடுவார் என்று அவரிடம் இருந்த இளைய பால்மா சொன்னதாகப் பதிவு இருக்கிறது. ஆனால் இருட்டில் வைத்தால் லின்சீட் மஞ்சளாகும் என்கிறார்கள். எது சரி?

ராணிப்பேட்டை கெமிக்கல்

இரண்டும் சரி. இருட்டில் ஏறும் மஞ்சளில் பெரும்பகுதி வெளிச்சத்தில் வைத்தால் இறங்கிவிடும். அவர் திருப்பி வைத்தது மறுபடி பார்க்கும்போது புதுக்கண்ணோடு பார்க்க. நீங்கள் காய வைக்கும் நேரத்தில் கட்டிலுக்கு அடியில், பீரோவுக்குப் பின்னால் செருகாதீர்கள். காற்றும் மறைமுக வெளிச்சமும் உள்ள சுவர் போதும். நேர் வெயிலில் மொட்டைமாடியில் வைப்பது அதைவிடத் தப்பு. மேல்தோல் சட்டென்று பிடித்துச் சுருக்கம் விழும், கேன்வாஸும் தளர்ந்து இழுபடும்.

குடியாத்தம் டீச்சர்

எல்லாருடைய பதிலையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். கத்தரிக்காய் போர்டில் சாம்பல் அடுக்கு முடிந்து முதல் ஊதா போட்டாகிவிட்டது. ஒற்றி எடுத்தபோது பிரதிபலிப்பு எழுந்து வந்ததைப் பார்த்து என் மாணவிகள் கைதட்டினார்கள். அம்மா படத்துக்கு முகத்தையும் அடுக்கிலேயே செய்யப் போகிறேன், ஏலகிரி சார் மன்னிக்கணும். கடைசி ஸ்கம்பிளிங்கை மட்டும் அம்மாவை எதிரில் உட்கார வைத்துச் செய்வேன்.

ஒரு சந்தேகம் பாக்கி. பச்சை பார்டரும் அரக்கும் சந்திக்கும் இடத்தில் கிளேஸ் ஒன்றின் மேல் ஒன்று ஏறினால் சேறாகிவிடாதா? வார்னிஷ் எப்போது அடிக்கலாம்?

சத்துவாச்சாரி ஆயில்

ஏறினால் சேறுதான். சிவப்பின் மேல் பச்சை ஊடுருவினால் பழுப்பு. பார்டருக்கான இடத்தைச் சாம்பலாகவே விட்டு, அரக்கு கிளேஸ் போடும்போது தாண்டியதை உடனே டர்பன்டைன் தொட்ட துணியால் துடைத்துவிடுங்கள். அரக்கு முழுக்கக் காய்ந்தபின் பார்டருக்கு விரிடியன், துளி பர்ன்ட் சியன்னாவோடு. தனி விரிடியன் பச்சை பிளாஸ்டிக் மாதிரி கத்தும். ஜரிகையை மஞ்சள் கோடாக இழுக்க வேண்டாம். சாம்பல் அடுக்கிலேயே புள்ளி புள்ளியாகத் தடித்த வெள்ளை வைத்து, மேலே ரா சியன்னா கிளேஸ் ஓட்டித் துடையுங்கள். பள்ளத்தில் பழுப்பு தங்கும், முகட்டில் வெள்ளை மின்னும்.

வார்னிஷ் ஆறு மாதத்துக்கு முன் கூடாது. சாம்பலில் தடித்த இடங்கள் இருந்தால் ஒரு வருடம் விடுங்கள். டாமர் என்ற மரப்பிசின் வார்னிஷ் நாளாவட்டத்தில் மஞ்சளாகும், ஓவியக் கடையில் கிடைக்கும் செயற்கைப் பிசின் வார்னிஷ் அதைவிட நல்லது. அடைமழையில் அடிக்காதீர்கள், ஈரம் மாட்டிக்கொண்டால் வெளிறிய படலம் நிற்கும். தை, மாசியில் ஒரு காய்ந்த காலைப்பொழுது பார்த்து, தூசி துடைத்து, படத்தைப் படுக்க வைத்து அடியுங்கள்.

வாலாஜா பெயிண்டர்

டீச்சர், முகத்தின் சாம்பல் அடுக்கு முடிந்ததும் கிளேஸுக்கு முன் ஒரு போட்டோ இங்கே போடுங்கள். வெளிச்சத்தின் படிகள் சரியாக இருக்கிறதா என்று எல்லாரும் பார்த்துச் சொல்கிறோம். திருத்த அதுதான் நேரம்.